பிள்ளைக்கு மாத்திரை, அம்மாவுக்குப் புழு: திமிரி, ஜவ்வாது மலை கொக்கிப்புழுக் கணக்கு

"நம்ம பக்கம் எத்தனை பேர் வயிற்றில் பூச்சி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் சின்னப் பசங்களுக்குத்தான்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மல மாதிரிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கும் அதே எண்ணம்தான். அதை மாற்றியவர் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும், நெல் வயலிலும் வேர்க்கடலைக் காட்டிலும் கூலி வேலை, ஹீமோகுளோபின் 6-க்குப் பக்கத்தில் கிடந்தது, வருடக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை, ஆனால் மலப் பரிசோதனை மட்டும் அதுவரை ஒருமுறைகூட யாரும் எழுதித் தரவில்லை. டப்பாவை வாங்கும்போது "பூச்சி மாத்திரை கடைசியா எப்பம்மா போட்டீங்க?" என்றேன். "அது இஸ்கூல் பசங்களுக்குத்தானே தம்பி குடுக்கறாங்க? என் பையன் போட்டுக்கினான். நமக்கு ஏது?" என்றார். அன்று அவருடைய ஸ்லைடில் இருந்த கொக்கிப்புழு முட்டைகளை எண்ணி முடிக்கவே எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த "நமக்கு ஏது?"வுக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருக்கும் நிகழ்வு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் திமிரி, ஜவ்வாது மலை ஆகிய இரண்டு வட்டாரங்களில் 2017 டிசம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை எடுத்த அடிப்படைக் கணக்கெடுப்பு. டிவார்ம்3 என்ற பெரிய ஆய்வின் இந்தியப் பகுதி அது. மற்ற இரண்டு நாடுகள் ஆப்பிரிக்காவில் இருக்கும் பெனின், மலாவி. மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களைக் கட்டுப்படுத்துவதோடு நிற்காமல், பரவலையே அறுக்க முடியுமா என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். அதற்காக 40 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் எல்லா வயதினருக்கும் வருடம் இரண்டு முறை மூன்று வருடம் அல்பெண்டசோல் என்கிற பூச்சி மாத்திரை, மீதிப் பாதியில் வழக்கம்போல் குழந்தைகளுக்கு மட்டும் என்று திட்டம். நான் இங்கே பேசப்போவது அந்த மருந்து கொடுப்பதற்கு முன்னால் எடுத்த கணக்கை மட்டும்தான், ஏனென்றால் ஒரு வட்டாரத்தில் புழு எவ்வளவு என்ற கேள்விக்கு நம் மாநிலத்தில் இவ்வளவு கவனமாகப் பதில் தேடிய வேலைகள் குறைவு.

இடத்தைப் பற்றி

திமிரி சமவெளி, அப்போது வேலூர் மாவட்டம், 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். ஏரிப் பாசனம், நெல், கரும்பு, கடலை. ஜவ்வாது மலை திருவண்ணாமலை மாவட்டத்து மலை வட்டாரம், ஜமுனாமரத்தூர்தான் அதன் மையம், மக்களில் பெரும்பகுதி மலையாளிப் பழங்குடியினர். இரண்டும் பக்கத்தில் இருந்தாலும் மண், ஈரம், வீடு, வேலை, ஆஸ்பத்திரிக்குப் போகிற தூரம் எல்லாமே வேறு. மலையில் இதே வேலூர்க் குழு முன்னால் செய்து 2013-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் 38 சதவீதம் பேருக்குக் கொக்கிப்புழு இருந்தது. உருண்டைப்புழு, அதாவது நாக்குப்பூச்சி என்று வீட்டில் சொல்வது, 1.5 சதவீதம். சாட்டைப்புழு 0.3 சதவீதம். ஆகவே இங்கே "பூச்சி" என்றால் நடைமுறையில் கொக்கிப்புழுதான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொரு பின்னணியும் முக்கியம். யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தில் டிஇசி மாத்திரையோடு அல்பெண்டசோலையும் சேர்த்து வீடு வீடாகப் பெரியவர்களுக்கும் கொடுத்துவந்தார்கள். யானைக்காலுக்காகக் கொடுத்த மருந்து போகிற போக்கில் குடற்புழுவையும் அடித்துக்கொண்டிருந்தது. டிவார்ம்3 ஆய்வுக்கு இடம் தேர்ந்தெடுத்தபோதே, யானைக்கால் திட்டம் ஏற்கெனவே நடந்து முடிந்த பகுதிகளைத்தான் பார்த்தார்கள். அந்தத் திட்டம் முடிந்ததும் பெரியவர்களுக்கு மருந்து நின்றது. 2015-இல் இந்திய அரசு தேசியக் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கியது, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 முதல் 19 வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை. ஏறக்குறைய 25 கோடிக் குழந்தைகளை இலக்காகக் கொண்ட திட்டம், உலகத்திலேயே பெரியது. நல்ல திட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் 20 வயது ஆனதும் புழு நம்மை விட்டுப் போய்விடுவதில்லையே.

எப்படி எண்ணினார்கள்

முதலில் முழு மக்கள் கணக்கெடுப்பு. 36,536 வீடுகள், 1,40,932 பேர், ஒவ்வொரு வீடும் வரைபடத்தில் குறிக்கப்பட்டது. அந்தப் பட்டியலிலிருந்து வயதுவாரியாகப் பிரித்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, சம்மதித்தவர்களிடம் மாதிரி வாங்கினார்கள். 40 பகுதிகளிலும் சேர்த்து 6,089 பேர் சோதிக்கத் தகுந்த மாதிரி கொடுத்தார்கள். ஆறாயிரம் பேரிடம் மலம் வாங்குவது என்றால் என்ன என்று இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். டப்பா கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் காலி டப்பா வரும், பக்கத்து வீட்டுக் குழந்தையுடையது வரும், "இன்னிக்கு வரல, நாளைக்குப் பாக்கலாம்" வரும், வயதுப் பெண்கள் கூச்சத்தில் வாசலுக்கே வரமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் போய் வரிசையாக நிற்கவைத்து டப்பா கொடுப்பது இதோடு ஒப்பிட்டால் சுலபம். உலகம் முழுக்கக் குடற்புழுக் கணக்குகள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சோதனை முறை கேட்டோ-கேட்ஸ். மலத்தை ஒரு சின்ன வலையால் அழுத்தி வழித்து, நடுவில் துளையிட்ட அச்சில் நிரப்பினால் 41.7 மில்லிகிராம் வரும். அச்சைத் தூக்கிவிட்டு, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் துண்டை மேலே போட்டு, இன்னொரு கண்ணாடியால் அழுத்திப் பரப்ப வேண்டும். கீழே வைத்த எழுத்து அதன் வழியாகத் தெரிகிற அளவுக்கு மெலிசாகப் பரவினால் சரி. பிறகு ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, வயலில் ஏர் ஓட்டுவதுபோல் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, முழுவதையும் பார்த்து முட்டையை எண்ண வேண்டும். வந்த எண்ணை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்று கிடைக்கும்.

கொக்கிப்புழு முட்டை பார்க்க அழகானது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நீள்வட்டம், கண்ணாடிபோல் மெல்லிய ஓடு, உள்ளே நாலு முதல் எட்டு செல்கள் ஒரு கொத்தாக, அந்தக் கொத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே தெளிவான இடைவெளி. சிக்கல் என்னவென்றால் அந்த மெல்லிய ஓட்டைக் கிளிசரின் விட்டுவைக்காது. ஸ்லைடு போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் முட்டை கரைந்து மறைந்ததுபோல் ஆகிவிடும், வெயில் நாளில் இன்னும் சீக்கிரம். உருண்டைப்புழு முட்டைக்குத் தடித்த ஓடு, அது மறுநாளும் இருக்கும். ஆகவே ஸ்லைடைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிற ஆய்வகத்தில் கொக்கிப்புழு குறைவாகவும் உருண்டைப்புழு சரியாகவும் பதிவாகும். "எங்கள் பகுதியில் கொக்கிப்புழு இல்லை" என்று யாராவது அறிக்கை காட்டினால் நான் முதலில் கேட்பது ஸ்லைடு போட்ட நேரமும் பார்த்த நேரமும்தான்.

கிடைத்த எண்கள்

6,089 பேரில் மண்வழிக் குடற்புழு ஏதாவது ஒன்று இருந்தவர்கள் 17.0 சதவீதம். வயதுக்கும் பகுதியின் மக்கள்தொகைக்கும் ஏற்ப எடை கொடுத்துத் திருத்திய பிறகு 21.4 சதவீதம். அதில் கொக்கிப்புழு மட்டும் 21.0 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட முழுவதும் அதுவேதான். தொற்று உள்ளவர்களில் 92.9 சதவீதம் பேருக்கு லேசான அளவு. தொற்று இருக்கும் வாய்ப்பும், தொற்றின் அளவும், இரண்டுமே வயது கூடக் கூட ஏறின.

இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு இந்த ஆய்வில் முக்கியமானது. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பொதுவாகப் பள்ளி வயதில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். கொக்கிப்புழு பெரியவர்களிடம் ஏறிக்கொண்டே போகும், இல்லை உயர்ந்த மட்டத்திலேயே நிற்கும். வருடம் இரண்டு முறை மாத்திரை விழுங்கும் பிள்ளைகளும் எதுவும் விழுங்காத பெரியவர்களும் ஒரே வீட்டில் இருக்கும்போது இந்த இடைவெளி இன்னும் அகலமாகும்தானே.

17 எப்படி 21 ஆனது என்று சிலர் சந்தேகமாகக் கேட்பார்கள், எண்ணை ஊதிவிட்டார்களோ என்று. ஒரு பேச்சுக்கு 1,000 பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம், 200 பேர் குழந்தைகள், 800 பேர் பெரியவர்கள். நீங்கள் 100 குழந்தைகளையும் 100 பெரியவர்களையும் சோதிக்கிறீர்கள். குழந்தைகளில் 5 பேருக்கும் பெரியவர்களில் 25 பேருக்கும் புழு. 200-க்கு 30, ஆகவே 15 சதவீதம் என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் அந்த ஊரில் பாதிப் பேர் குழந்தைகள் இல்லை. ஊருக்குப் பொருத்திப் பார்த்தால் 200-இல் 10, 800-இல் 200, மொத்தம் 210 பேர், அதாவது 21 சதவீதம். பள்ளியில் மட்டும் சோதித்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 5 சதவீதம்! ஒரே ஊர், ஒரே புழு, மூன்று எண். இது நான் உதாரணத்துக்குப் போட்ட கணக்குதான், ஆனால் திமிரி, ஜவ்வாது மலையில் 17 என்பது 21 ஆனதற்குப் பின்னாலும் இதே தர்க்கம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் 20 சதவீதம் என்பது ஒரு கோடு, அதைத் தாண்டினால் வருடம் ஒருமுறை மருந்து, 50-ஐத் தாண்டினால் இரண்டு முறை. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை யாரை எண்ணினீர்கள் என்பதே முடிவு செய்கிறது என்றால், எண்ணுவதற்கு முன்னால் யாரை எண்ணப்போகிறோம் என்று தீர யோசித்தே ஆக வேண்டும்.

21 சதவீதமும் உண்மையில் குறைவான மதிப்பீடாகத்தான் இருக்கும். ஒரே ஒரு மாதிரி, ஒரே நாள், அதிலும் ஒரு ஸ்லைடுக்கு 42 மில்லிகிராமுக்கும் குறைவான அளவு. நெக்கேட்டர் வகைக் கொக்கிப்புழுவின் பெண் புழு ஒன்று ஒரு நாளைக்கு ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை போடும். ஒருவர் ஒரு நாளில் 200 கிராம் மலம் கழிக்கிறார், புழு 5,000 முட்டை போடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராமுக்கு 25 முட்டை. ஸ்லைடில் ஒரே ஒரு முட்டை தெரிந்தால் கணக்கு 24. அப்படியென்றால் ஒரு பெண் புழு உள்ளவரின் ஸ்லைடில் சராசரியாக ஒரு முட்டை விழும், முட்டைகள் மலத்தில் சீராகக் கலந்தும் இருக்காது, ஒன்று விழலாம், விழாமலும் போகலாம். லேசான தொற்று அதிகமாக உள்ள ஊரில் இந்த முறை நிறையப் பேரைத் தவறவிடும். டிஎன்ஏ அடிப்படையிலான பிசிஆர் சோதனை இன்னும் பலரைப் பிடிக்கும், செலவும் கூடும். நெக்கேட்டரா, கொக்கிப்புழுவின் இன்னொரு வகையான ஆன்கிலோஸ்டோமாவா என்று பிரித்துச் சொல்லவும் அது உதவும், முட்டையை வைத்து அதைச் சொல்ல முடியாது.

"லேசான தொற்று" என்ற வார்த்தை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு கிராம் மலத்தில் 2,000-க்குக் கீழ் முட்டை இருந்தால் கொக்கிப்புழுவில் அது லேசான தொற்று. 2,000 முதல் 3,999 வரை நடுத்தரம். 4,000-ம் அதற்கு மேலும் கடுமை. ஸ்லைடில் 83 முட்டை எண்ணினாலும் 83 பெருக்கல் 24, அதாவது 1,992, இன்னும் "லேசு"தான்.

2030-க்குள் குடற்புழுவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறக்குவது என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு, குழந்தைகளில் நடுத்தர, கடுமையான தொற்று 2 சதவீதத்துக்குக் கீழ் போவது. இப்போது இந்த வட்டாரக் கணக்கை அதில் பொருத்திப் பாருங்கள். தொற்று உள்ளவர்களில் லேசான 92.9 சதவீதத்தைக் கழித்தால் மிச்சம் 7.1 சதவீதம், அதை 21.0 சதவீதத்தோடு தோராயமாகப் பெருக்கினால் எல்லா வயதினரையும் சேர்த்தே சுமார் ஒன்றரை சதவீதம்தான் நடுத்தரமும் கடுமையும். குழந்தைகளில் இன்னும் குறைவாகவே இருக்கும். ஆக, காகிதத்தில் இலக்குக்குக் கீழே. ஆனால் 1,40,932 பேரில் 21 சதவீதம் என்றால் ஏறக்குறைய 29,600 பேர். சுமார் முப்பதாயிரம் பேர் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்க, பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பை மூட முடிகிற அளவுகோல் இது. குழந்தைகளின் வளர்ச்சியைக் காப்பாற்ற அந்த அளவுகோல் பயன்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஒரு வட்டாரத்தில் தொற்று எவ்வளவு என்று தீர்மானிப்பது தப்பு.

லேசு என்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்றும் இல்லை. நெக்கேட்டர் புழு ஒன்று நாளுக்குச் சுமார் 0.03 மில்லி இரத்தத்தை வீணாக்கும், ஆன்கிலோஸ்டோமா டுவோடினேல் அதைப்போல ஐந்து மடங்கோ அதற்கு மேலோ. ஐம்பது நெக்கேட்டர் புழுக்கள் இருந்தால் ஒன்றரை மில்லி. நல்ல இரத்தமாக இருந்தால் அதில் முக்கால் மில்லிகிராம் அளவுக்கு இரும்பு. குடல் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றாலும், மாதவிடாய் உள்ள ஒரு பெண்ணின் உடம்பு நாளுக்கு உறிஞ்ச வேண்டிய இரும்பே ஒன்றரை, இரண்டு மில்லிகிராம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கசிவு சின்னது இல்லை. அதுவும் ஒருநாள் இரண்டுநாள் இல்லை, புழு வருடக்கணக்கில் வாழும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அத்தனைக்கும் கொக்கிப்புழு காரணம் என்று நான் சொல்லவில்லை, உணவு, பிரசவம், மாதவிடாய் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் கொக்கிப்புழு ஐந்தில் ஒருவருக்கு இருக்கும் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் மலத்தைப் பார்க்காமல் நாலாவது வருடமும் அதே இரும்பு மாத்திரையை எழுதுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஏன் பெரியவர்கள், ஏன் கொக்கிப்புழு

கொக்கிப்புழு வாய் வழியாக வருவதைவிடத் தோல் வழியாக வருவதே அதிகம். மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை, நிழலும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வந்துவிடும், வாய்ப்பான மண்ணில் மூன்று நாலு வாரம் காத்திருக்கும். வெறுங்காலோடு ஒருவர் நின்றால் விரலிடுக்கு வழியாக ஏறி, இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கடித்துக்கொள்ளும். ஏறிய இடத்தில் அரிப்பு வரும், சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளோ எண்ணெயோ பூசிவிட்டு மறந்துவிடுவார்கள்.

இதனால்தான் "சாப்பிடும் முன் கை கழுவு" என்ற ஒரே பாடம் இங்கே போதாது. அது உருண்டைப்புழுவுக்கு நல்ல பாடம். கொக்கிப்புழுவுக்குக் காலும் மண்ணும்தான் விஷயம். நாற்று நடுகிறவர், களை எடுக்கிறவர், மாடு மேய்க்கிறவர் எல்லாம் பெரியவர்கள், வீட்டில் கழிப்பறை கட்டியிருந்தாலும் காலை எட்டு மணிக்கு வயலில் இருக்கும்போது அந்தக் கழிப்பறை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வரப்போரம், புதர் நிழல், ஏரிக்கரை, அதே இடம், அதே ஈரம், மறுநாளும் அதே இடம். வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்று கணக்கெடுத்தால் இது தெரியாது. செருப்பு போடச் சொல்வதும் சேற்றில் வேலை செய்கிறவரிடம் எடுபடாது, சேற்றில் செருப்போடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மருந்தும் எல்லாப் புழுவையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை போட்டால் உருண்டைப்புழு நூறில் 95 பேரிடம் போய்விடும், கொக்கிப்புழு சுமார் 80 பேரிடம், சாட்டைப்புழு 30 பேரிடம்தான். இந்த வட்டாரத்தில் உருண்டைப்புழு இவ்வளவு அரிதாக இருப்பதில் பல வருட மாத்திரைக்குப் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். கொக்கிப்புழு நீடிப்பதற்கு மருந்து எட்டாத பெரியவர்களும், மருந்து போட்டும் போகாத மீதி 20 பேரும், திரும்பத் திரும்பத் தொற்றவைக்கும் மண்ணும் சேர்ந்துதான் காரணம்.

இன்னொன்று, புழுக்கள் ஊரில் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு இருப்பதில்லை. பெரும்பாலானவர்களிடம் கொஞ்சம், சிலரிடம் ஏராளம். அந்தச் சிலர்தான் மண்ணுக்குப் பெருவாரியான முட்டையை அனுப்புகிறார்கள். மாத்திரை கொடுக்கும் நாளில் அவர்கள் வெளியூர் வேலைக்குப் போயிருந்தாலோ, "எனக்கு ஒண்ணும் இல்ல, வேணாம்" என்று ஒவ்வொரு சுற்றிலும் மறுத்துவிட்டாலோ, 90 சதவீதம் பேர் விழுங்கினார்கள் என்ற எண்ணுக்கு மதிப்புக் குறைந்துவிடும். ஒரு சுற்றில் எத்தனை பேர் என்பதோடு, எல்லாச் சுற்றிலும் தவறியவர்கள் யார் என்றும் பதிவேடு இருக்க வேண்டும்.

எண்ணப்படாதவை

இந்தக் கணக்கு மண்வழிப் புழுக்களுக்கு மட்டும். குடல் ஒட்டுண்ணி என்றால் ஒற்றைச் செல் உயிர்களான அமீபா, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் எல்லாம் சேர்ந்ததுதான், கேட்டோ-கேட்ஸ் முறையில் அவை தெரியாது. வேலூரிலேயே பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்த 497 குழந்தைகளில் 97 சதவீதம் பேருக்குக் கிரிப்டோஸ்போரிடியம் தொற்று வந்துபோயிருந்தது. பலருக்கு வெளியே தெரிகிற வயிற்றுப்போக்கே இல்லை. அங்கே புழு 21, இங்கே கிரிப்டோ 97, இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று ஒப்பிடக் கூடாது, ஒன்று ஒருநாள் எடுத்த படம், மற்றது மூன்று வருடத்தில் எப்போதாவது வந்ததா என்ற கணக்கு. இணையத்தில் இந்த மாதிரி எண்களைக் கலந்து போட்டுப் பயமுறுத்தும் பதிவுகள் நிறையச் சுற்றுகின்றன, பார்த்தால் இந்த வித்தியாசத்தை முதலில் கவனியுங்கள்.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று இன்னொரு புழு இருக்கிறது. அதன் முட்டை குடலிலேயே பொரித்துவிடுவதால் மலத்தில் புழுக்குஞ்சுதான் வரும், முட்டை எண்ணும் முறையில் சிக்காது, ஒரு வேளை அல்பெண்டசோலுக்கும் சரியாக அடங்காது, ஐவர்மெக்டின் தேவை. ஸ்டீராய்டு எடுக்கும் நோயாளிகளிடம் இது உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கென்று தனியாகத் தேடினால்தான் கிடைக்கும்.

இனி

தமிழ்நாட்டில் இப்போது குடற்புழு நீக்க முகாமில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தவிர. இது சரியான திசையில் வைத்த அடி, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வயது ஏற ஏறத் தொற்று ஏறும் புழுவுக்கு 30-இல் கோடு போட்டால் நான் சொன்ன அந்த நாற்பது வயது அம்மா இன்னும் வெளியேதான். ஆண்கள் முழுவதுமாக வெளியே. கொக்கிப்புழு அதிகம் என்று கணக்கெடுப்பில் தெரியவந்த வட்டாரங்களிலாவது எல்லா வயதினருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து, நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலேயே கொடுத்தால் பாதிப் பேரை ஒரே காலையில் பிடித்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கூடாது, அதன் பிறகு மருத்துவர் சொல்லிக் கொடுக்கலாம். அப்புறம் வயல்வெளிக் கழிப்பறை. ஏரிக்கரைக்கும் வேலைத்தளத்துக்கும் பக்கத்தில் தண்ணீரோடு ஒன்று கட்டினால், அது வீட்டில் கட்டிய இரண்டாவது கழிப்பறையைவிடப் பெரிய வேலை செய்யும்.

வீட்டில் யாருக்காவது இரத்தசோகை மாத்திரைக்கு மசியாமல் இருந்தால், வயலில் வேலை செய்கிறவராகவும் இருந்தால், மருத்துவரிடம் மலப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சுண்டைக்காய் அளவு போதும், மண்ணும் சிறுநீரும் படாமல் எடுத்து, முடிந்தவரை அன்று காலையே கொண்டுபோய்க் கொடுங்கள். எடுத்த நேரத்தை டப்பாவின் மேல் எழுதிவிடுங்கள், அதைப் பார்க்கிற ஆள் அந்த நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார்.